கரண்ட் பில்: கடைசி நூறு யூனிட்டில்தான் காசு போகிறது!

வெயில் மாதங்களின் மின்கட்டணத்தைப் பார்த்துத் திகைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு வழிகாட்டி

இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு மின்கட்டணம் 1,805 ரூபாய். பக்கத்து வீட்டில் 501 யூனிட் ஓடியிருந்தால் அவர்கள் கட்ட வேண்டியது 2,048 ரூபாய். கூடுதலாக ஓடியது ஒரே ஒரு யூனிட். கூடுதலாகக் கட்டுவது 243 ரூபாய். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைக் கவனிக்காமல் மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டால் போதும், அந்த ஒரு யூனிட் ஏறிவிடும்.

'லைட்டை அணை, ஃபேனை நிறுத்து' என்று வீடு முழுக்கச் சத்தம் போட்டும் பில் குறையவில்லை என்று அலுத்துக்கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் சிக்கனமாக இல்லாதவர்கள் அல்லர். எந்த இடத்தில் மிச்சம் பிடித்தால் பில் இறங்கும் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

படிக்குப் படி ஏறும் விலை

தமிழ்நாட்டில் வீடுகளுக்கான மின்கட்டணம் ஒரு படிக்கட்டு. மேலே ஏற ஏற ஒவ்வொரு யூனிட்டின் விலையும் கூடும். 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். எட்டு ஆண்டுகள் கட்டணம் உயராமல் இருந்து, 2022 செப்டம்பரில் பெரிய அளவில் உயர்ந்தது. அப்போது நிலைக்கட்டணம் நீக்கப்பட்டது. அதன்பின் விலைவாசியை ஒட்டி ஆண்டுதோறும் ஜூலையில் கட்டணத்தை மாற்றும் முறை வந்தது. 2023-இல் உயர்ந்த 2.18 சதவீதத்தை வீடுகளுக்காக அரசே ஏற்றுக்கொண்டது. 2024 ஜூலையில் 4.83 சதவீத உயர்வு நம் தலையில் இறங்கியது. 2025 ஜூலையில் வந்த 3.16 சதவீதத்தை மறுபடியும் அரசு ஏற்றது.

2024 ஜூலையில் வீடுகளுக்கு அமலுக்கு வந்த விகிதம் இது. இந்தக் கட்டுரையில் வரும் கணக்குகள் எல்லாம் இதன்படிதான்.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஓடினால்:
1 முதல் 100 வரை – இலவசம்
101 முதல் 200 வரை – யூனிட்டுக்கு 2.35 ரூபாய்
201 முதல் 400 வரை – 4.70 ரூபாய்
401 முதல் 500 வரை – 6.30 ரூபாய்

500-ஐத் தாண்டினால்:
1 முதல் 100 வரை – இலவசம்
101 முதல் 400 வரை – 4.70 ரூபாய்
401 முதல் 500 வரை – 6.30 ரூபாய்
501 முதல் 600 வரை – 8.40 ரூபாய்
601 முதல் 800 வரை – 9.45 ரூபாய்
801 முதல் 1,000 வரை – 10.50 ரூபாய்
1,000-க்கு மேல் – 11.55 ரூபாய்

இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 500-ஐத் தாண்டியவுடன் மேலே உள்ள யூனிட்டுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த 2.35 ரூபாய்ச் சலுகையும் பறிபோகிறது. அந்த 235 ரூபாயும், 501-ஆவது யூனிட்டின் 8.40 ரூபாயும் சேர்ந்ததுதான் முதலில் சொன்ன 243 ரூபாய்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. ஒன்று: நீங்கள் மிச்சம் பிடிக்கும் யூனிட் எப்போதும் மேல்படியிலிருந்துதான் கழியும். 900 யூனிட் ஓடும் வீட்டில் ஒரு யூனிட்டைக் குறைத்தால் மிச்சம் 10.50 ரூபாய், 300 யூனிட் ஓடும் வீட்டில் 4.70 ரூபாய்தான். இரண்டு: உங்கள் வீடு 500 முதல் 600 யூனிட்டுக்குள் இருந்தால், 500-க்குக் கீழே இறங்குவதுதான் முதல் இலக்கு. 600 யூனிட்டுக்கு 2,880 ரூபாய். 500-க்கு 1,805 ரூபாய். அந்தக் கடைசி நூறு யூனிட்டின் விலை 1,075 ரூபாய்.

ஒரு வீடு, ஒரு கோடைக்காலம்

இரண்டு படுக்கையறை உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர். ஏப்ரல், மே இரண்டு மாதக் கணக்கை 60 நாளுக்குப் போட்டுப் பார்ப்போம்.

நான்கு சீலிங் ஃபேன். கூடத்திலும் ஒரு படுக்கையறையிலும் உள்ளவை நாளுக்கு 18 மணி நேரமும், மற்ற இரண்டும் 8 மணி நேரமும் ஓடுகின்றன. பழைய வகை ஃபேன் 75 வாட். ஆக 234 யூனிட். ஒன்றரை டன் ஏசி, 21 டிகிரியில் இரவு எட்டு மணி நேரம், மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட்: 480. ஃபிரிட்ஜ் 60. மோட்டார் 45. சோக் வைத்த பழைய ட்யூப்லைட்டுகள் 60. டி.வி.யும் செட்டாப் பாக்ஸும் 36. மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து 36. வைஃபை, செல்போன் சார்ஜர் 12. மொத்தம் 963 யூனிட். கட்ட வேண்டியது 6,481 ரூபாய்.

இந்த வீட்டில் ஐந்து மாற்றங்கள் செய்வோம். நான்கு ஃபேனையும் 30 வாட் மட்டும் இழுக்கும் புதுவகை பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் 140 யூனிட் குறையும். ஏசியை 26 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிட்டு, விடியற்காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக நிற்கும்படி டைமர் வைத்தால் 180 யூனிட் குறையும். ட்யூப்லைட்டை எல்.இ.டி.க்கு மாற்றினால் 36. தொட்டி வழிவதை நிறுத்தினால் 15. செட்டாப் பாக்ஸை இரவில் சுவிட்ச் போர்டில் அணைத்தால் 12. மொத்தம் 383 யூனிட் மிச்சம். வீட்டின் உபயோகம் 580 யூனிட்டுக்கு இறங்குகிறது. பில் 2,712 ரூபாய்.

உபயோகம் குறைந்தது 40 சதவீதம். பில் குறைந்தது 58 சதவீதம். மேல்படி யூனிட்டுகள் முதலில் கழிவதால்தான் இந்த வித்தியாசம். இந்த வீட்டில் இருட்டில் உட்கார்ந்தவர் யாருமில்லை, வியர்வையில் தூங்கியவரும் இல்லை.

வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: சிக்கனத்தைக் கருவியிடம் காட்டுங்கள், ஆளிடம் காட்டாதீர்கள். பகலெல்லாம் வீட்டில் இருக்கும் பாட்டியின் ஃபேனை நிறுத்தச் சொல்வதும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் விளக்கை அணைக்கச் சொல்வதும் சில யூனிட்டுகளைத்தான் மிச்சப்படுத்தும். அந்த ஃபேனை மாற்றினால் பாட்டிக்குக் காற்றும் குறையாது, பில்லும் இறங்கும்.

மீட்டரில் மினுக்கும் சிவப்புப் புள்ளி

உங்கள் வீட்டில் எது அதிகம் இழுக்கிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். வாசலில் இருக்கும் மின்மீட்டரே சொல்லும்.

மீட்டரின் முகப்பில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அதன் அருகே 3200 அல்லது 1600 என்பதுபோல ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்த விளக்கு அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பொருள். 3200 என்று இருக்கும் மீட்டரில், வீட்டில் ஒரு பழைய ஃபேன் மட்டும் முழு வேகத்தில் ஓடினால் விளக்கு நிமிடத்துக்கு நான்கு முறை மினுக்கும். ஒன்றரைக் கிலோவாட் இழுக்கும் ஏசி ஓடினால் எண்பது முறை. நொடிக்கு ஒன்றுக்கும் மேல்.

ஒரு விடுமுறை நாளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒருவர் மீட்டரின் முன்னால் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்; இன்னொருவர் உள்ளே ஒவ்வொன்றாகப் போட்டு அணைக்கட்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை மினுக்கல் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதை 60-ஆல் பெருக்கி, உங்கள் மீட்டரில் அச்சிட்டிருக்கும் எண்ணால் வகுத்தால், மணிக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்பது கிடைத்துவிடும். 3200 என்று இருக்கும் மீட்டரில் நிமிடத்துக்கு 16 மினுக்கல் என்றால் மணிக்கு 0.3 யூனிட், அதாவது 300 வாட்.

கடைசியாக, எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ் பிளக்கையும் இன்வெர்ட்டர் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். இப்போது விளக்கு மினுக்கக்கூடாது. தொடர்ந்து மினுக்கினால் எங்கோ கசிகிறது. தண்ணீர் இறங்கிய சுவர் ஒயரிங், இற்றுப்போன மோட்டார் கேபிள், உங்கள் மீட்டரிலிருந்து போகும் மாடிப்படி விளக்கு என்று ஏதாவது ஒன்று காரணமாக இருக்கலாம். உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒயரிங்கில் கசிவு என்பது பணம் போகும் விஷயம் மட்டுமில்லை. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடும் பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்டது.

இன்வெர்ட்டரை மட்டும் செருகி ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். கரண்ட் போகாத நாளிலும் பழைய பேட்டரி ஓயாமல் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து 20 வாட் இழுத்தால்கூட இரண்டு மாதத்தில் 29 யூனிட்.

முதலில் மாற்ற வேண்டியது கூடத்து ஃபேனை

தமிழ்நாட்டு வீடுகளில் அதிக நேரம் ஓடும் கருவி ஃபேன்தான். அதனால்தான் அது முதலில் வருகிறது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் பி.எல்.டி.சி. ஃபேன் 28 முதல் 35 வாட்தான் இழுக்கும். நாளுக்கு 18 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 48 யூனிட் மிச்சம். மேல்படியில் இருக்கும் வீட்டுக்குக் கோடையில் இது நானூறு ரூபாய்க்கும் மேல்.

விலை ஏறக்குறைய 2,500 முதல் 3,500 ரூபாய் வரை. எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. கூடத்து ஃபேன் போட்ட காசை ஒன்றரை, இரண்டு ஆண்டுக்குள் திருப்பித் தரும். விருந்தினர் அறையில் எப்போதாவது சுற்றும் ஃபேனை மாற்றினால் போட்ட காசு திரும்ப வெகுகாலம் ஆகும். அது பழுதாகும்போது மாற்றிக்கொள்ளலாம். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம். பெட்டியில் எத்தனை வாட் என்பதையும் எவ்வளவு காற்று தருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

புது ஃபேன் வாங்க வசதி இல்லாதவர்கள் ரெகுலேட்டரைக் கவனியுங்கள். சுவரில் பெரிய பெட்டிபோல இருக்கும் பழைய ரெகுலேட்டர், ஃபேனின் வேகத்தைக் குறைக்கும்போது மிச்சமாகும் மின்சாரத்தைச் சூடாக வெளியே விட்டுவிடும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் மீட்டரும் மெதுவாக ஓடும். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டன்சரை மாற்றிப் பாருங்கள். இறக்கையில் படிந்த தூசியைத் துடையுங்கள். பல வீடுகளில் இதற்கே காற்று கூடிவிடும்.

ஏசி: ஒரு டிகிரிக்கு ஆறு சதவீதம்

ஏசியின் டிகிரியை ஒன்று கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. 2020 ஜனவரி முதல், நட்சத்திர முத்திரை பெறும் ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதியே வந்தது. நாம்தான் ரிமோட்டை எடுத்து 18-க்கு இறக்குகிறோம். 18-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாதாரண ஏசி 18-இல் வைத்தாலும் 26-இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 18-இல் வைத்தால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அதுதான் வித்தியாசம். 26 டிகிரியும், மெதுவாகச் சுற்றும் ஃபேனும், ஒரு மெல்லிய போர்வையும் நம் ஊர் இரவுக்குப் போதும்.

உள்ளே இருக்கும் வலைபோன்ற ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீரில் அலசி மாட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டைச் சுற்றி அட்டைப்பெட்டி, பழைய பாய் எதையும் அடுக்காதீர்கள். அது வெளியே தள்ளும் சூடு போக வழி வேண்டும். மேற்கு வெயில் விழும் ஜன்னலுக்கு மதியமே திரை போடுங்கள். கதவின் அடியில் இருக்கும் இடைவெளியைத் துணி வைத்து அடையுங்கள். காலையில் ரிமோட்டால் அணைப்பதோடு நிற்காமல் ஸ்டெபிலைசரின் சுவிட்சையும் அணையுங்கள்.

புது ஏசி வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது. 2022 ஜூலையில் அப்படி ஆனபோது முந்தைய ஐந்து நட்சத்திர ஏசிகள் பல நான்குக்கு இறங்கின. முத்திரையில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். அது ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்ற கணக்கில் போடப்பட்டது. இரண்டு ஏசிகளின் அந்த எண்களைக் கழித்துப் பார்த்தால் விலை வித்தியாசத்துக்குத் தகுமா என்று நீங்களே தீர்மானிக்கலாம். இரவில் மட்டும் இரண்டு மாதம் போடுபவருக்கு மூன்று நட்சத்திரமே போதுமானதாக இருக்கக்கூடும். ஆண்டெல்லாம் போடும் வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் வாங்குவதுதான் லாபம்.

மோட்டார், கீசர், ஃபிரிட்ஜ்

ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். தொட்டி நிறைய முன்பு அரை மணி நேரம் ஆனது, இப்போது முக்கால் மணி ஆகிறது என்றால் அதற்குக் காரணம் உண்டு. ஃபுட்வால்வில் குப்பை அடைத்திருக்கலாம், குழாயில் ஒழுகலாம், நீர்மட்டம் இறங்கியிருக்கலாம். தொட்டி நிரம்பியதும் தானாக நிற்கும் கருவியை மாட்டிவிட்டால் மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்து மிஞ்சும்.

கீசரில் 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அவ்வளவு கொதிக்கவைத்துப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதைவிட, 50-க்குக் கீழே வைத்துக் குளிப்பது சிக்கனம். குளிக்கப் பத்து நிமிடம் முன் போட்டு, ஒருவர் பின் ஒருவராகக் குளித்துவிட்டு அணையுங்கள். காலையில் போட்ட கீசர் மாலை வரை எரிவது வீண் செலவு மட்டுமில்லை, ஆபத்தும்கூட. வாஷிங் மெஷினில் வெந்நீர்த் தேர்வைத் தவிர்த்தாலே அதன் செலவு வெகுவாக இறங்கும். அன்றாட அழுக்குக்குப் பச்சைத் தண்ணீர் போதும்.

ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடுங்கள். இழுத்தால் சுலபமாக வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும். சுவரை ஒட்டி வைத்திருந்தால் நான்கு விரற்கடை முன்னால் தள்ளுங்கள். சூடான சாம்பாரை ஆறவைத்து உள்ளே வையுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் பனி கட்டி கட்டியாகச் சேர விடாதீர்கள்.

மிக்சியைப் பற்றியும் கிரைண்டரைப் பற்றியும் கவலை வேண்டாம். சட்னி அரைக்கும் மூன்று நிமிடத்தில் மிக்சி இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். சத்தம் பெரிதாக இருப்பதால் செலவும் பெரிது என்று நினைத்துவிடுகிறோம்.

சூட்டின் பிறப்பிடம் மொட்டைமாடி

பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் கூரை இரவு பத்து மணிக்கும் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். அதன்கீழே சுற்றும் ஃபேன் அந்தச் சூட்டைத்தான் நம்மேல் தள்ளுகிறது. ஏசி இருந்தால் அது அந்தச் சூட்டோடு போராடியே யூனிட்டைக் கரைக்கிறது. மேல்தளத்தில் குடியிருப்பவர்கள் ஃபேன் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய காரியம், மொட்டைமாடிக்கு வெள்ளை அடிப்பது.

வசதி இருந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பெயின்ட் அடிக்கலாம், வெள்ளை ஓடு பதிக்கலாம். வசதி இல்லையென்றால் சுண்ணாம்பு போதும்; மழைக்குப் பின் கரைந்துபோகும், ஆண்டுதோறும் மார்ச் மாதம் மறுபடி அடிக்க வேண்டும். தூசி படிந்தால் வெள்ளை வேலை செய்யாது, அவ்வப்போது கழுவிவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் வாழும் குடும்பங்களுக்கு இது மிக அவசியம். அவர்கள் உறக்கத்தைக் கெடுப்பதும் பில்லை ஏற்றுவதும் ஒரே சூடுதான்.

கூரையில் விளையும் மின்சாரம்

சொந்த வீடும் வெயில் விழும் மாடியும் உள்ளவர்களுக்கு சோலார் பெரிய வழி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம். அதிகபட்சம் 78,000 ரூபாய்.

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. நூறு சதுர அடி நிழலில்லாத இடம் போதும். வீட்டில் ஓடியதுபோக மிஞ்சியதை மின்வாரியக் கம்பிக்கு அனுப்பி, நிகர யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டும் முறை இருக்கிறது.

இங்கும் படிக்கணக்கு உதவும். 700 யூனிட் ஓடும் வீட்டின் பில் 3,825 ரூபாய். ஒரே ஒரு கிலோவாட் பேனல் போட்டு 240 யூனிட்டைக் கழித்தால் நிகரம் 460. பில் 1,553 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 2,272 ரூபாய் மிச்சம். இதே பேனலை 300 யூனிட் ஓடும் வீட்டில் போட்டால் இரண்டு மாதத்துக்கு மிஞ்சுவது 705 ரூபாய்தான். ஆகவே மாடியை நிறைக்கும் அளவுக்குப் பேனல் வாங்கச் சொல்லும் விற்பனையாளரிடம், உங்கள் கடந்த ஓராண்டு பில்லைக் காட்டி, மேல்படியை வெட்டுவதற்கு எத்தனை கிலோவாட் தேவை என்று கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன், நிகரக் கணக்குக்கு வேறு கட்டணங்கள் உண்டா என்று உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேஸா, இண்டக்‌ஷனா?

14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்தால் ஏறக்குறைய 140 யூனிட் ஆகும். 4.70 ரூபாய்ப் படியில் இருக்கும் வீட்டுக்கு இது 658 ரூபாய். 8.40 ரூபாய்ப் படியில் இருந்தால் 1,176 ரூபாய். உங்கள் ஊர்ச் சிலிண்டர் விலையை இதோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். கீழ்ப்படியில் இருக்கும் வீட்டுக்கு இண்டக்‌ஷன் உதவும். கோடையில் ஏசி ஓடும் வீட்டுக்குக் கேஸே மேல்.

கேஸை மிச்சப்படுத்தும் வழிகள் நம் வீடுகளில் ஏற்கெனவே தெரிந்தவைதான். அரிசி, பருப்பை ஊறவைத்துப் போடுவது, குக்கரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேகவைப்பது, கொதி வந்ததும் தீயைக் குறைப்பது, மூடிவைத்துச் சமைப்பது. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னர் அடைத்திருக்கிறது. பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பது அதனால்தான்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு

இதுவரை சொன்ன சலுகைகள் வந்து சேராத ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. தனி இணைப்பு இல்லாத வாடகை வீடுகளில், உரிமையாளர் வைத்த சப்-மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று முதல் யூனிட்டிலிருந்தே வசூலிக்கிறார்கள். அரசு தரும் 100 யூனிட் இலவசமும், குறைந்த படியும் அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை. 200 யூனிட் ஓடும் ஒரு தொழிலாளியின் வீடு மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டியது 235 ரூபாய். அவர் உரிமையாளருக்குக் கட்டுவது 1,600 ரூபாய். இது நியாயமில்லை. வீடுகளுக்கென்று அரசு ஒதுக்கிய பணம் வழியிலேயே நின்றுவிடுகிறது.

வீடு பார்க்கப் போகும்போது அட்வான்ஸ் பேசுவதற்கு முன் மீட்டரைப் பற்றிப் பேசுங்கள். அந்த வீட்டுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா, அதன் எண் என்ன, பில்லை நேரடியாக நாமே கட்டலாமா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். தனி இணைப்பு இருந்தால், இணைப்பு எண்ணை வைத்து மின்வாரிய இணையதளத்தில் கட்டணத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வாடகை வீட்டில் போடும் பி.எல்.டி.சி. ஃபேன் உங்களுடையது, வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

வாரம் ஒரு ரீடிங்

மாதம் ஒருமுறை ரீடிங் எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து வரும் பில், முடிந்துபோன செலவைத்தான் சொல்கிறது. அதை வைத்து எதையும் திருத்த முடியாது. அரசு செய்யும்வரை காத்திருக்காமல் வாரம் ஒருமுறை நாமே ரீடிங் எடுக்கலாம்.

மின்வாரிய ஊழியர் ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் காலண்டரில் எழுதுங்கள். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். இரண்டு மாதத்தில் 500-க்குள் நிற்க வேண்டும் என்றால் நாளுக்கு எட்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், வாரத்துக்கு 58. நான்காவது ஞாயிறு 270-ஐத் தாண்டியிருந்தால், கையில் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஏசியின் டைமரை ஒரு மணி நேரம் குறையுங்கள், கீசரை நிறுத்துங்கள், மோட்டாரைக் கவனியுங்கள். எட்டாவது வாரம் 490-இல் நிற்கும்போது ரீடிங் எடுக்க ஆள் வரவில்லையென்றால் பகுதி அலுவலகத்தில் கேளுங்கள். கணக்கெடுப்பு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கில் யூனிட் ஏறுகிறது.

மின்கட்டணம் இனி தானாக இறங்கப்போவதில்லை. வெயிலும் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. ஆனால் எந்தப் படியில் நிற்பது என்பதை ஓரளவுக்கு வீடுதான் முடிவுசெய்கிறது. இந்த ஞாயிறு முதல் ரீடிங்கை எழுதுங்கள், அடுத்த போனஸிலோ சம்பளத்திலோ கூடத்து ஃபேனை மாற்றுங்கள், வெயில் ஏறும் முன் மாடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். மிச்சமாகும் பணம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ, பெரியவர்களின் மருந்துக்கோ போகட்டும். அது உங்கள் உழைப்பில் வந்த பணம், உங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டியது.